உடைஞ்ச ஷிம்மர் பவுடரைத் திரும்ப அழுத்தி எடுக்கிறது எப்படி? கண்ணுக்கும் கன்னத்துக்கும் அதே டப்பா போதுமா?

மாட்டுங்கா மல்லி கேட்டது:

மும்பைல முகூர்த்த மேக்கப் பண்றவங்க, ஃபார்முலேஷன் தெரிஞ்சவங்க யாராவது பதில் சொல்லுங்க.

ஷாம்பெயின் நிற பிரெஸ்டு ஷிம்மர். 59 மி.மீ. வட்டத் தட்டு, 9 கிராம். விழுந்து பாதி கட்டி, பாதி தூள். டப்பா பின்னாடி இருக்கிற வரிசை: மைக்கா, டைட்டானியம் டைஆக்சைடு, டால்க், மெக்னீசியம் ஸ்டியரேட், டைமெத்திகோன், டின் ஆக்சைடு. அயர்ன் ஆக்சைடு பேரே இல்ல. "கண் பகுதிக்கு அல்ல"ன்னு எங்கயும் போடல.

ஆவணில மாட்டுங்கால ஒரு கல்யாணம். பொண்ணு நல்ல மாநிறம். காலைல எண்ணெய் ஸ்நானம், 7.30 டு 9 முகூர்த்தம், ஹோமம், மடிசார். மழைக்காலம், ஹால்ல ஏசி பேருக்குத்தான் இருக்கும். இதே பவுடரை இமைக்கும் கன்ன எலும்புக்கும் போடலாமான்னு யோசனை.

ஆல்கஹால் விட்டுக் குழைச்சு அழுத்தினா பழைய மினுக்கு வருமா? கட்டியை மிக்ஸில ஒரு சுத்து விட்டுக்கலாமா? இன்னொண்ணு, இந்த நிறத்தைக் கன்னத்துல வச்சா மாநிறத்துக்குச் சாம்பல் அடிக்குது. அது பவுடரோட குறையா, போடுற முறையோட குறையா?

லேப் கோட்:

மிக்ஸி மட்டும் வேண்டவே வேண்டாம். அம்மியும் வேண்டாம், உரலும் வேண்டாம்.

ஷிம்மர்ல மினுங்குறது சாயம் இல்ல. மெல்லிசான மைக்கா செதில். அதுக்கு மேல டைட்டானியம் டைஆக்சைடோ அயர்ன் ஆக்சைடோ பூச்சு. செதில் தட்டையா படுத்திருந்தாத்தான் வெளிச்சம் ஒரே பக்கமா திரும்பி வரும். மிக்ஸி பிளேடு செதிலை ஒடிக்கும், பூச்சையும் உரிக்கும். நிறம் அப்படியே இருக்கும், ஆனா மினுக்கு செத்துப் போய் மங்கலான மேட் பவுடர்தான் மிஞ்சும். ஃபேக்டரிலயே டால்க், சாயம் எல்லாத்தையும் முதல்ல நல்லா அரைச்சிட்டு, பேர்ல் சரக்கை, அதாவது இந்த மினுங்குற செதிலை, கடைசில போட்டு மெதுவாத்தான் கலப்பாங்க.

இப்ப செய்முறை. கட்டிகளை ஒரு ஜிப் கவர்ல போட்டு, ஸ்பூனோட முதுகால மெதுவா அமுக்கி உடைங்க. தேய்க்காதீங்க. டீ வடிகட்டில சலிச்சு, நிக்கிற கட்டியைத் திரும்ப அமுக்குங்க. பழைய தட்டை ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால சுத்தமா துடைச்சுக் காய விடுங்க. அடில பழைய எண்ணெய்ப் பசை இருந்தா புதுசா அழுத்துற வில்லை ஒட்டாது, அடுத்த தடவை முழுசா கழண்டு வந்திடும்.

ஆல்கஹால்னா 99% ஐசோப்ரோப்பைல். பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கம் கெமிக்கல் கடைகள்ல கேட்டுப் பாருங்க. ஹேண்ட் சானிடைசர் கூடாது, அதுல கிளிசரின் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாலயே 1.45% கிளிசரால் உண்டு. அது ஆவியாகாம பவுடர்லயே தங்கிப் பிசுபிசுன்னு ஆக்கிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் அப்படித்தான், சில ஃபார்முலால விளக்கெண்ணெய், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் கலந்திருக்கும். இமைல அது தேவையா?

9 கிராமுக்கு 4 மி.லி.ல ஆரம்பிங்க. டிராப்பரால கொஞ்சங்கொஞ்சமா விட்டு, பிளாஸ்டிக் குச்சியால புரட்டுங்க. கரண்டியைச் சாய்ச்சா தண்ணியா ஓடாம திரண்டு விழணும், அதுதான் பதம். தட்டுல பாதி நிரப்பி, மேஜைல இருபது தடவை லேசா தட்டுங்க. உள்ள இருக்கிற காத்துக்குமிழ் மேல வரும். குமிழ் நின்ன இடத்துலதான் பிற்பாடு விரிசல் விடும். மீதியையும் போட்டுத் திரும்பத் தட்டுங்க.

உடனே அழுத்தக் கூடாது. ஈரப் பளபளப்பு மேல்பரப்புல மறையணும். சாதாரணமா 20, 30 நிமிஷம், மழைநாள்ல ஒரு மணி நேரம்கூட ஆகும். முன்னாடியே அழுத்தினா விளிம்பு வழியா பிதுங்கிடும். ரொம்பக் காஞ்சிட்டா அழுத்தமே ஏறாது. மேல டிஷ்யூ, அதுக்கு மேல நெருக்கமா நெய்த சாட்டின் ரிப்பன், அதுக்கு மேல தட்டோட உள்வட்டத்துக்குச் சரியா உக்கார்ற தட்டையான கட்டை. நேரா, சமமா, உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்க. டிஷ்யூ நனைஞ்சா மாத்துங்க. டிஷ்யூ காஞ்சு வர்ற வரைக்கும் மூணு நாலு தடவை.

24 மணி நேரம் ஃபேன் காத்துல காயணும். மும்பை மழைல 48. வெயில்ல வைக்கிறது, ஹேர் டிரையர் பிடிக்கிறது வேண்டாம், மேல் தோல் முதல்ல சுருங்கி வெடிக்கும். ஐசோப்ரோப்பைல் 12 டிகிரி செல்சியஸ்லயே தீப்பிடிக்கிற ஆவியை விடும்; விளக்கோ ஊதுபத்தியோ அடுப்போ இருக்கிற ரூம்ல இந்த வேலையே ஆகாது.

ஆல்கஹால் பைண்டர் கிடையாது. நனைச்சு நெருக்கிட்டு ஆவியாகிப் போயிடும், அவ்வளவுதான். பவுடரைப் பிடிச்சு வைக்கிறது உள்ள ஏற்கனவே இருக்கிற டைமெத்திகோனும் ஸ்டியரேட்டும். அது போதுமான்னு தெரிஞ்சுக்க, ஆல்கஹால் விடுறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவுல நசுக்குங்க. உருவம் நின்னு, லேசா தொட்டதும் சுத்தமா ரெண்டா உடைஞ்சா போதும். நிக்காம உதிர்ந்தா 350 சென்டிஸ்டோக்ஸ் (திரவம் எவ்வளவு கெட்டிங்கிற அளவு) டைமெத்திகோனோ, கேப்ரிலிக்-கேப்ரிக் டிரைகிளிசரைடுங்கிற லேசான எண்ணெயோ 2%, அதாவது 9 கிராமுக்கு 0.18 கிராம். 0.01 கிராம் காட்டுற நகைத் தராசுல நிறுத்துப் போடுங்க. தேங்காய் எண்ணெய் யோசனை சொல்ல வர்றவங்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: அது 24, 25 டிகிரில உருகும். ஏசில கல்லு, வெளில வந்தா எண்ணெய்.

பழைய மினுக்கு அப்படியே வருமான்னா, வராது. மிஷின் அழுத்தமும் கை அழுத்தமும் ஒண்ணு இல்ல. கொஞ்சம் கெட்டியாவும் கொஞ்சம் குறைவான மினுக்கோடவும் வரும். மேல் படலத்தைக் காஞ்ச மஸ்காரா பிரஷ்ஷால ஒரு தடவை சுரண்டி எடுத்துட்டா உள்ள இருக்கிறது நல்லாவே ஏறும்.

சயான் சிஸ்:

லேப் கோட் சார் சொல்றது எல்லாம் சரி. ஆனா கல்யாண வேலைக்கு ரீபிரெஸ் பண்ணின, அதாவது திரும்ப அழுத்தின தட்டை நம்பிப் போறது எனக்குச் சம்மதமில்ல. வண்டி குலுங்கினா திரும்ப உடையும், அப்புறம் கிட் முழுக்க ஜிகினா.

சலிச்சு, சின்ன வாய் சிஃப்டர் டப்பால, அதாவது உள்மூடில ஓட்டை போட்ட டப்பால, தூளாவே வச்சுக்குங்க. கன்னத்துக்கு மூடில ஒரு தட்டு தட்டி, டேப்பர் பிரஷ்ஷால எடுத்து, கை முதுகுல ஒரு தடவை தட்டிட்டு வைங்க. இமைக்கு மிக்ஸிங் மீடியம் (பவுடரைக் குழைக்கிற திரவம்) ஒரு துளி, பவுடர் ஒரு சிட்டிகை, ஸ்டீல் பேலட்ல குழைச்சுத் தட்டை பிரஷ்ஷால ஒத்தினாப் போதும். அழுத்தின பவுடரைவிட இது இமைல நல்லாவே பிடிக்கும்.

லேப் கோட்:

@சயான் சிஸ், கல்யாணத்துக்கு அதுதான் பத்திரம், ஒத்துக்கிறேன். ரீபிரெஸ் பண்ணணும்னா மல்லி ஒரு சோதனை செய்யட்டும்: காஞ்ச தட்டை டப்பால வச்சு மூடி, 20 செ.மீ. உயரத்துலேர்ந்து மடிச்ச துண்டு மேல மூணு தடவை போடணும். விரிசல் இல்லன்னா வண்டி குலுக்கலைத் தாங்கும். விளிம்புல மட்டும் பொடிஞ்சா கட்டை தட்டோட உள்வட்டத்துக்குப் பொருந்தலன்னு அர்த்தம்.

முகூர்த்த மேக்கப்:

சாம்பல் அடிக்கிற விஷயத்துக்கு வர்றேன். குறை பவுடர்லதான், மல்லி. நீங்களே பதிலை எழுதிட்டீங்க: அயர்ன் ஆக்சைடு இல்ல. மைக்கா, டைட்டானியம், டின் ஆக்சைடு மட்டும்னா அது வெள்ளை உடம்பு உள்ள பேர்ல். வெளிச்சம் நேரா படுற கோணத்துல ஷாம்பெயினா மின்னும். முகத்தைத் திருப்பினா மினுக்கு போயி வெள்ளைத் தூள் மட்டும் தெரியும். மாநிறக் கன்னத்துல விபூதி பூசின மாதிரி இருக்கும்.

கடைல பார்க்கிறப்ப மணிக்கட்டு உள்பக்கம் தேய்க்காதீங்க, அங்க தோல் வெளுப்பு. தாடை ஓரத்துல வச்சு, கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே தலையை ரெண்டு பக்கமும் மெதுவாத் திருப்புங்க. மினுக்கு அணையுற கோணம் ஒண்ணு வரும். அந்த நேரத்துல தெரியுற நிறம் தோல் நிறத்துலயே கரைஞ்சா வாங்கலாம். வெள்ளையா நின்னா எவ்வளவு விலை கொடுத்தாலும் அது வேற நிறத்துக்காரங்களுக்கு. டிரான்ஸ்பரன்ட்னு விக்கிற ஊதா, பிங்க் இன்டர்ஃபெரன்ஸ் ஷேடும் (வெளிச்சம் படுற கோணத்துல மட்டும் நிறம் காட்டுறது) இதே கதைதான். வெளுப்புத் தோல்ல லேசா தெரியும், கருப்பு ஏற ஏறப் பளிச்சுன்னு தனியா நிக்கும்.

மாநிறத்துக்கு உடம்பு நிறமே பீச், தங்கம், வெண்கலமா இருக்கணும். சரக்குப் பட்டியல்ல சி.ஐ. 77491, அதாவது சிவப்பு அயர்ன் ஆக்சைடோட நிற எண், முன்னாடி வந்தா நல்ல அடையாளம். இன்னும் கருத்த நிறத்துக்குச் செம்பு, ஆன்டிக் கோல்டு. உங்ககிட்ட இருக்கிறதைத் தூக்கிப் போட வேண்டாம். அதுல ஒரு பங்குக்கு வெண்கல ஷிம்மர் ரெண்டு பங்கு தூளாக் கலந்துக்குங்க. இல்ல, இமை நடுவுல மட்டும், பிரவுன் கிரீம் ஷேடோ மேல ஒத்துங்க. அடில கருமை இருந்தா இமைல அந்த வெள்ளைப் பேர்ல் அழகாவே எடுக்கும். கன்னத்துல தொந்தரவு பண்றது அங்க உதவுது.

இப்ப முகூர்த்தம். முதல் எதிரி எண்ணெய் ஸ்நானம். தலைல வச்ச நல்லெண்ணெய் நெத்தி ஓரம், புருவம், இமை மடிப்புல தங்கும். முகம் கழுவிட்டா போச்சுன்னு நினைப்பாங்க, போகாது. மைசெல்லர் வாட்டர் (மேக்கப், எண்ணெயை எடுக்கிற திரவம்) நனைச்ச பஞ்சை இமை மேல பத்து செகண்டு வச்சு எடுங்க, பஞ்சு மஞ்சளா வந்தா இன்னொரு தடவை. அப்புறம் வெறும் தண்ணில ஒத்தி, காய விட்டுத்தான் பிரைமர். இதை விட்டா ஒன்பது மணிக்கு ஷிம்மர் முழுக்க மடிப்புக்குள்ள ஒரு கோடா போய் உக்காந்திருக்கும்.

கண்ணை முதல்ல முடிச்சிட்டு ஃபவுண்டேஷன் போடுங்க. கீழ உதிர்ந்த துகளைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டித் தள்ளிட்டு, ஒட்டிக்கிட்டதை டேப்பால ஒத்தி எடுக்கலாம். ஃபவுண்டேஷன் மேல உதிர்ந்தா எடுக்கவே முடியாது. ஷிம்மர் வைக்கப் போற இமைப்பகுதில கன்சீலர் மெல்லிசா, அதை பவுடர் போட்டு செட் பண்ணாதீங்க. அந்த லேசான பசைதான் துகளைப் பிடிக்கும். தட்டை சிந்தெடிக் பிரஷ், 8 டு 10 மி.மீ. அகலம், ஒத்தணும். பஞ்சு மாதிரி ஃபிளஃபி பிரஷ்ஷை இப்படி அப்படி ஆட்டினா செதில் நிமிர்ந்து உதிரும், மின்னவும் மின்னாது. மோதிர விரல் இன்னும் நல்லா வேலை செய்யும், ஆனா ஒரு முகத்துக்கு மேல போடுற கிட்ல விரலைத் தட்டுக்குள்ள விடாதீங்க, பேலட்ல சுரண்டி எடுத்துக்குங்க.

ஹோமம் மறக்காதீங்க. புகைல கண்ணு கலங்கும், பொண்ணு துடைச்சுக்குவா. அதனால உள்மூலைலயும் கீழ் இமை ஓரத்துலயும் பெரிய துகள் ஷிம்மர் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுற பொண்ணுன்னா இமை நடுவோட நிறுத்துங்க. வாட்டர்லைன்ல ஷிம்மர் வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவமே வரும்.

கன்னத்துக்கு வரிசை மாறக் கூடாது: ஃபவுண்டேஷன், கிரீம் பிளஷ், வேணும்னா மெல்லிசா கிரீம் ஹைலைட்டர், அப்புறம் பவுடர் ஷிம்மர். பவுடர் வச்ச இடத்துல மேல கிரீம் போனா திட்டுத்திட்டா திரளும். லூஸ் பவுடர் நெத்தி, மூக்கு, தாடைக்கு மட்டும். கன்ன எலும்புல லூஸ் பவுடர் கனமா வச்சிட்டு அது மேல ஷிம்மர் வச்சா ஒட்டாம மிதக்கும், முதல் வேர்வைலயே வழியும். மூக்குலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி ஆரம்பிச்சு எலும்பு மேட்டுல மட்டும் வைங்க. அதுக்குள்ள வந்தா துளைகள் பெருசா தெரியும். பரு வடு இருக்கிற கன்னத்துல ஷிம்மரே வேண்டாம், சாட்டின் பிளஷ் போதும். ஷிம்மர் மேட்டையும் பள்ளத்தையும் கூட்டித்தான் காட்டும்.

வச்சதும் செட்டிங் ஸ்ப்ரே 20 செ.மீ. தள்ளி ஒரு தடவை, காய்ஞ்சதும் அதே இடத்துல ரெண்டாவது மெல்லிசு பூச்சு, திரும்ப ஒரு ஸ்ப்ரே. ஒரே கனமான பூச்சைவிட இது நிக்கும். நடுவுல வேர்த்தா டிஷ்யூவை மடிச்சு ஒத்தணும், இழுக்கக் கூடாது. டச்-அப் பண்றப்ப மேட் பவுடர்தான், ஷிம்மரைத் திரும்ப ஏத்தாதீங்க. வேர்வையோட பளபளப்பே அப்ப போதும்.

மாட்டுங்கா மல்லி:

எல்லாருக்கும் நன்றி. முகூர்த்த மேக்கப் அக்கா, ஒன்பது மணிக் கோடு எங்கேர்ந்து வருதுன்னு இப்பப் புரிஞ்சுது.

லேப் கோட் சார், பக்கத்து மெடிக்கல்ல 70% ஐசோப்ரோப்பைல்தான் கிடைக்குது. அதையே ஓட்டலாமா? இன்னொரு ஐஷேடோ பேலட்ல ரெண்டு ஷேடு மேல கண்ணாடி மாதிரி படலம் வந்து பிரஷ்ல ஒண்ணுமே ஏற மாட்டேங்குது. அதையும் உடைச்சு ரீபிரெஸ் பண்ணணுமா?

லேப் கோட்:

70%ன்னா மீதி 30% தண்ணி. கிருமி கொல்றதுக்கு அது நல்லது, இந்த வேலைக்கு ஆகாது. தண்ணி மெதுவாத்தான் போகும், மழைக்காலத்துல அடில தங்கிடும். வில்லை கல்லா இறுகும், டின் தட்டு விளிம்புல துரு ஏறும். வில்லையோட மேல்பக்கம் காஞ்ச மாதிரி தெரியுறதை நம்ப முடியாது. 99% கிடைக்கிற வரைக்கும் தூளாவே வச்சிருங்க.

பேலட்டை உடைக்க வேண்டாம். மேல வந்திருக்கிற படலம் பெரும்பாலும் முகத்து எண்ணெய், ஃபவுண்டேஷன். பிரஷ்ஷோ விரலோ போய்ப் போய் மேல்பரப்பு எண்ணெய் குடிச்சு இறுகிடும். அகலமான செலோடேப்பை ஒட்டி, அழுத்தாம, ஒரே இழுப்புல எடுங்க. ரெண்டு மூணு தடவைல புதுப் பரப்பு வந்திடும். வரலன்னா காஞ்ச மஸ்காரா பிரஷ்ஷால சுரண்டி, தூளைத் தட்டிடுங்க. எடுத்த ரெண்டே வாரத்துல படலம் திரும்ப வந்தா பைண்டரே அதிகம்னு அர்த்தம், அது தயாரிப்புக் கோளாறு, நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.

ஈர பிரஷ்ஷைத் தட்டுக்குள்ள விடுற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. காஞ்ச பிரஷ்ல பவுடரை எடுத்திட்டு அப்புறம் பிரஷ்ஷை ஸ்ப்ரே பண்ணணும். வரிசை மாறினா நனைஞ்ச இடம் காஞ்சு வடுவா நிக்கும், கிருமிக்கும் அதுதான் வாசல். அப்புறம் ஏசி கார்லேர்ந்து இறங்கின கையோட கிட்டைத் திறக்காதீங்க. குளிர்ந்த டப்பால மழைக்காத்து பட்டதும் கண்ணாடி வேர்க்கிற மாதிரி தட்டு மேலயும் ஈரம் படியும். மூடியபடியே கால் மணி நேரம் வைங்க.

லேபிள் வாசகர்:

கண்ணா கன்னமாங்கிற கேள்விக்கு யாரும் முழுசா பதில் சொல்லலையே.

"கண் பகுதிக்கு அல்ல"ன்னு போடாதது மட்டும் போதாது. சரக்குப் பட்டியல்ல சி.ஐ. எண்ணைப் பாருங்க. மல்லி சொன்ன டப்பால இருக்கிற மைக்கா 77019, டைட்டானியம் டைஆக்சைடு 77891, டின் ஆக்சைடு 77861, மூணும் இமைக்கும் பயன்படுத்துறதுதான். அயர்ன் ஆக்சைடு 77491, 77492, 77499 அதே மாதிரி. அதனால அந்தத் தட்டை ரெண்டு இடத்துலயும் வைக்கலாம்.

சிக்கல் பிங்க், சிவப்பு, மெஜந்தா ஷேடுல. 15850, 45410 மாதிரி சிவப்புச் சாயங்களை அமெரிக்கால கண் பகுதிக்கு அனுமதிக்கல. ஐரோப்பால விதி வேற. அதனாலதான் ஒரே பேலட் ஒரு ஊர்ல ஐஷேடோன்னும் இன்னொரு ஊர்ல வெறும் பிரெஸ்டு பிக்மென்ட்ன்னும் விக்குது. நடைமுறைல பார்த்தா இந்தச் சிவப்பு இமைல கறை விடும், ராத்திரி கழுவினாலும் காலைல கண்ணு வீங்கின மாதிரி தெரியும். சிவப்பு இமை கேக்கிற பொண்ணுக்கு அயர்ன் ஆக்சைடு சிவப்போ கார்மைனோ, அதாவது 75470, பாருங்க. கார்மைன் பூச்சிலேர்ந்து எடுக்கிறது, சுத்த சைவக் குடும்பம்னா முன்னாடியே சொல்லிடறது மரியாதை.

எதிர்ப்பக்கமும் உண்டு. நீல, பச்சை ஐஷேடோவைக் குழைச்சு உதட்டுல வைக்கிறாங்க. 77510 நீலம், 77288 பச்சை, 77007 அல்ட்ராமரைன், மூணையும் அமெரிக்கால கண்ணுக்கு அனுமதிச்சிருக்காங்க, உதட்டுக்கு இல்ல.

77163 இருந்தா அது பிஸ்மத் ஆக்சிகுளோரைடு. நல்லா வழுவழுன்னு இருக்கும், ஆனா சிலருக்கு வேர்வை பட்டதும் அரிக்கும். மழைக்கால முகூர்த்தத்துக்கு அதை நான் எடுக்க மாட்டேன். பெரிய துகள் கிளிட்டர்ல பி.இ.டி.ன்னு இருந்தா அது பிளாஸ்டிக், இமைக்கு வேண்டாம். கைவினைக் கடை ஜிகினா கண்ணு பக்கமே வரக் கூடாது, அது ஓரம் கூர்மையா வெட்டின துண்டு, கருவிழியைக் கீறும்.

கிராஃபோர்ட் மார்க்கெட், முசாஃபிர்கானா பக்கம் வாங்குறவங்க டப்பாவைத் திருப்பிப் பாருங்க. உள்நாட்டுச் சரக்குன்னா தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரிச்ச மாசம், காலாவதி இருக்கணும். வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதி பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் பேரும் முகவரியும் வேணும். 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளோட கணக்கு இது. வெளிநாட்டு பிராண்டு பேர், ஆனா இறக்குமதியாளர் ஸ்டிக்கரே இல்லன்னா விலை எவ்வளவு மலிஞ்சாலும் திரும்பி வந்திடுங்க.

சயான் சிஸ்:

@லேபிள் வாசகர், சிந்தெடிக் மைக்கான்னு போட்டிருக்கே, அது நல்லதா? ரெண்டு மூணு புது பேலட்ல பார்த்தேன்.

லேபிள் வாசகர்:

சிந்தெடிக் ஃபுளோர்ஃப்ளோகோபைட்ன்னு இருக்கும். உலைல தயாரிக்கிறது. இயற்கை மைக்கால இரும்புக் கலப்பு கொஞ்சம் இருக்கும், அதனால லேசா மங்கல் தட்டும். இது தெளிவா இருக்கும், மினுக்கு கூட. மாநிறத்துக்கு அதனாலயே நல்லதுன்னு முடிவு கட்ட முடியாது, மேல பூச்சு வெள்ளையா இரும்பாங்கிறதுதான் நிறத்தைத் தீர்மானிக்கும். ஜார்கண்ட் கோடர்மா, கிரிடீ பக்கம் மைக்கா பொறுக்குறதுல குழந்தைங்களை வேலை வாங்குற பிரச்சினை இருக்கு, அந்தக் காரணத்துக்காக சிந்தெடிக் தேடுறவங்களும் உண்டு. கால்சியம் சோடியம் போரோசிலிகேட் போட்டிருந்தா அது கண்ணாடிச் செதில், பொறி பொறியாத் தெறிக்கும். இமை நடுவுக்கு அழகு, கன்னத்துக்கு அதிகம்.

முகூர்த்த மேக்கப்:

அந்தக் கண்ணாடிச் செதில் கேமராலயும் தகராறு பண்ணும். வீடியோக்காரங்க எல்.இ.டி. லைட்டைப் பக்கத்துல கொண்டு வந்தா கன்னத்துல ஒரு வெள்ளைத் திட்டு எரிஞ்ச மாதிரி பதிவாகும். மேக்கப் முடிஞ்சதும் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு போன் ஃபிளாஷ்ல நேர் ஒண்ணு, பக்கவாட்டு ஒண்ணு எடுத்துப் பாருங்க. கன்னத்துல மட்டும் திட்டு தெரிஞ்சா ஷிம்மர் அதிகம், சுத்தமான பிரஷ்ஷால ஒரு தடவை துடைச்சா குறையும். கண்ணுக்குக் கீழ முழுக்க வெளுத்தா அது ஷிம்மர் இல்ல, சிலிகா பவுடரோட வேலை, அதுக்குத் தனியா ஈர ஸ்பாஞ்சால ஒத்தணும்.

செம்பூர்க்காரி:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்கிட்ட இருக்கிறது குவிஞ்ச மாதிரி இருக்கிற பேக்டு ஹைலைட்டர், உடைஞ்சிருக்கு. இதே முறைல அழுத்தலாமா?

லேப் கோட்:

அழுத்தாதீங்க. பேக்டு சரக்கை ஈரக் குழம்பா ஓட்டுல வச்சு மெதுவான சூட்டுல உலர்த்துவாங்க, அழுத்தவே மாட்டாங்க. உள்ள நுண்ணிய காத்திடம் இருக்கிறதாலதான் அந்த மென்மை. ஆல்கஹால் விட்டு நெருக்கினா அது போயிடும், கல்லுதான் கிடைக்கும்.

ரெண்டு மூணு பெரிய துண்டா மட்டும் உடைஞ்சிருந்தா, அடில 99% ரெண்டு சொட்டு விட்டு, பழைய இடத்துலயே ஒட்டிக் காய வச்சிடுங்க, மேல்பரப்பை நனைக்காம. தூளாப் போயிருந்தா சயான் சிஸ் சொன்ன சிஃப்டர் டப்பாதான். மூடில பேரும் திறந்த மாசமும் எழுதி ஒட்டிடுங்க. பழைய டப்பால திறந்த மூடிப் படத்துக்குள்ள 12ன்னோ 24ன்னோ மாசக் கணக்கு இருக்கும், தூளுக்கும் அதே கணக்குத்தான்.